புறப்புண்ணும் பீரங்கியும்: போர்ச்செயலின் உரிமை பற்றி ஒரு சிந்தனை

போரைப் பற்றிய பழந்தமிழ் அறச்சிந்தனை உடலையே ஏடாகக் கொண்டது. புண் எங்கே பட்டது என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடை ஒன்றே வீரனின் வாழ்வையும் சாவையும் மதிப்பிடப் போதுமானதாக இருந்தது. மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண்; முதுகிற் பட்டது புறப்புண். புறத்திணைப் பாடல்களைக் கற்பிக்கும்போது இதனை மறப்பண்பின் அடையாளம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் இம்மதிப்பீடு நிலைபெற ஒரு முன்நிபந்தனை வேண்டும். எறிந்தவன் யார், ஏற்றவன் யார், எத்திசையிலிருந்து வந்தது என்பன அறியக்கூடியனவாக இருத்தல் வேண்டும். அந்நிபந்தனைக்கு உட்படாத ஒரு படைக்கருவி வந்து சேர்ந்தபோது, கொன்ற செயலுக்கு உரியவர் யார் என்னும் வினா எங்கே சென்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். வேல் நல்லது, பீரங்கி தீயது என்று நிறுவுவது நோக்கமன்று. சான்றுகள் பெரும்பாலும் பழைய திருவிதாங்கூரிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவ்வினா தொடர்பான இடங்களிற் பல, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பகற்பயணத் தொலைவுக்குள் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

புண்ணும் பெயரும்

வெண்ணிப் போர் இவ்வகையில் முதலில் கருதத்தக்கது. சேரமான் பெருஞ்சேரலாதன் கரிகால் வளவனோடு பொருது, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையார் பாடிய புறநானூற்று 65ஆம் பாடலும், வெண்ணிக் குயத்தியார் பாடிய 66ஆம் பாடலும் இந்நிகழ்ச்சி பற்றியன. சேரமான் ஓடவில்லை. முன்னே குறித்து எறியப்பட்ட வேல்தான் முதுகிற் புண்ணாயிற்று. அதாவது, கருவியின் வலிமை அவன் நின்ற நிலையைப் பொய்யாக்கிக் காட்டிவிட்டது. தன் நேர்மையைத் தன் உடலே மறுத்துரைத்தபோது, வாதிட வழியில்லாத அவன் உயிரையே விடையாகத் தந்தான். வென்றவனை நோக்கி, உன்னினும் அவன் நல்லன் அல்லனோ என்ற பொருள்பட வினவும் துணிவு வெண்ணிக் குயத்தியாருக்கு இருந்தது. இங்கே வென்றவனுக்கும் பெயருண்டு, தோற்றவனுக்கும் பெயருண்டு. இடையே தீர்ப்புச் சொல்ல ஒரு புலவர் இருக்கிறார். அறம் என்பது இம்மூவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல்.

பழம்போரை ஒரேயடியாகப் போற்றுவதற்கும் இடமில்லை. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய 9ஆம் பாடல், அம்பு விடுமுன் ஆவினமும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் மக்களைப் பெறாதோரும் காப்பிடம் சேர்க என அறிவிக்கும் அறநெறியைச் சொல்கிறது. மேடைகளிற் பெரிதும் எடுத்தாளப்படும் பாடல் அது. அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாடல், பகைவர் ஊர்த்தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழ்செய்ததைப் புகழாகக் கூறுகிறது. இதனை மேடைகளிற் கேட்பது அரிது. ஆயினும் இரு பாடல்களுக்கும் பொதுவான ஒன்றுண்டு. அறிவித்தவனும் அவனே, உழுதவனும் அவனே. செயல் கொடியதாயினும் அதற்குரியவன் முன்னே நிற்கிறான். இகழ வேண்டுமாயின் யாரை இகழ்வது என்பதில் ஐயமில்லை.

அம்பும் தொலைவிலிருந்துதானே கொல்கிறது, பீரங்கியோடு அதற்கு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இக்கேள்வியைக் கம்பர் நமக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார். வாலி வதைப் படலத்தில், மறைந்து நின்று எய்யப்பட்ட அம்பு மார்பிற் பாய்ந்தபின், வாலி அதனைப் பறித்து அதிற் பொறித்த பெயரைக் காண்கிறான். எய்தவன் இராமன் என்று அறிந்த பின்னரே அவனுடைய வினாக்கள் தொடங்குகின்றன. அவ்வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடைகள் போதுமானவையா என்று இன்றளவும் பட்டிமன்றங்கள் நடக்கின்றன. மறைந்து எய்தல் அறமா என்பதை வழக்காடவேனும் முடிந்தது, அம்பிற் பெயர் இருந்ததனால். பெயரற்ற அம்பு பாய்ந்திருக்குமாயின் அப்படலத்தில் இறப்பு இருந்திருக்கும்; வழக்கு இருந்திராது. தொலைவு அறத்தைக் குலைக்கிறது என்பது பாதி உண்மையே. தொலைவோடு பெயரின்மையும் சேரும்போதுதான் சிக்கல் முழுமையடைகிறது.

குழலின் இயல்பு

பீரங்கி என்னும் சொல்லே அயலாரைக் குறிப்பது. ஐரோப்பியரைக் குறித்த ‘பிரங்கி’ என்னும் சொல் தமிழிற் பரங்கி என்று மனிதரையும் பூசணியையும் குறித்தது. பீரங்கி என்று கருவியைக் குறித்தது. எறிபொறிகள் நமக்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை நீளப் பட்டியலிடுகிறது; சீவக சிந்தாமணியில் நூற்றுவரைக் கொல்லி என்றே ஒரு பொறி வருகிறது. ஆனால் அவை மதிலில் நின்றவை. தேடி வந்த பகைவனைத் தாக்கியவை. பெயர்ந்து சென்று பிறர் மதிலை உடைத்தற்கெனவே பெருவழக்குப் பெற்ற கருவி பீரங்கி.

அதன் செயல்முறை எளிது. ஒருபுறம் மூடிய உலோகக் குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, நீண்ட கோலால் இறுக்கி, மேலே குண்டை உருட்டிவிடுவர். வெடிமருந்து என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. பின்முனையில் உள்ள சிறு துளையில் நெருப்பு வைத்ததும் மருந்து நொடியில் வளியாக மாறி விரிகிறது. செல்லும் வழி ஒன்றே ஆதலால் குண்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி சுற்றிய கோலால் குழலைத் துடைக்க வேண்டும். உள்ளே கனல் எஞ்சியிருந்தால் அடுத்த மருந்தை இடுபவனே முதலில் இறப்பான். ஆகவே ஒரு பீரங்கிக்கு ஒருவன் போதாது. துடைப்பவன், மருந்து கொண்டுவருபவன், இடிப்பவன், குறி பார்ப்பவன், நெருப்பு வைப்பவன் என்று ஒரு குழுவே வேண்டும். கொன்றவன் இவர்களுள் யார்?

மற்றொன்றும் கருதத்தக்கது. பழைய பீரங்கிகளின் உட்புறம் வழுவழுப்பானது; குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. ஆதலால் வெளியேறும்போது அது குழலின் சுவர்களில் மோதி மோதிச் செல்லும். அதே பீரங்கி, அதே மருந்து, அதே சாய்வு என்றாலும் இரு குண்டுகள் ஓரிடத்தில் விழா. வேலெறிந்தவன் ‘இவனை’ எறிந்தான். பீரங்கி சுட்டவன் ‘அங்கே’ சுட்டான், அவ்வளவே. குறிக்கும் விளைவுக்கும் இடையே தற்செயல் நுழைந்துவிட்டது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுக்காரர் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தபோது, திருவிதாங்கூர்ப் படையின் குண்டொன்று அவர்களது வெடிமருந்துப் பீப்பாயில் விழ, எழுந்த தீயில் அரிசிக் கையிருப்பு அழிந்தது என்றும், அதுவே சரணடையக் காரணமாயிற்று என்றும் வரலாற்றாசிரியர் எழுதுவர். ஒரு பேரரசுக் குழுமத்தின் கனவைக் கலைத்த அக்குண்டைச் சுட்டவனின் பெயரைக் கேட்பாரில்லை. கேட்டாலும் பயனில்லை, அவன் பீப்பாயைக் குறி பார்த்திருக்க முடியாது. இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்த கணியாகுளப் போரையும், அதில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையையும் நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல் எப்படிப் போற்றுகிறது என்பதை ஒப்புநோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும். கதைப்பாடலுக்கு ஒரு மார்பு வேண்டும். அதற்கெதிரே ஒரு வாள் வேண்டும்.

குண்டின் பாதையைக் கணக்கிட முயன்றவர்களுள் முதன்மையானவர் இத்தாலியக் கணிதர் தார்த்தாலியா. 1537இல் வெளியிட்ட நூலில், பீரங்கியை 45 பாகை சாய்த்தால் குண்டு மிகுதொலைவு செல்லும் என்று அவர் காட்டினார். அந்நூலின் முன்னுரையிலேயே ஒரு மனப்போராட்டமும் பதிவாகியுள்ளது. மனிதரை அழிக்கும் கலையைச் செம்மையாக்குவது பழிக்குரியது என்று தோன்றியதால் எழுதியவற்றை எரித்துவிட்டதாகவும், துருக்கிய சுல்தான் படையெடுத்துவரும் நிலையில் மறைத்து வைத்தல் தகாது என்று பின்னர் எண்ணியதாகவும் அவர் கூறுகிறார். எரித்ததும் எழுதியதும் ஒரே மனிதர். பகைவன் வருகிறான் என்பது எக்காலத்திலும் கிடைக்கும் சமாதானம் ஆதலால், இவ்விரண்டாம் முடிவை நாம் எளிதில் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் கணக்கிட்டவனுக்கும் கொலையிற் பங்குண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்வந்தோர் பலர் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பிற்கால வளர்ச்சி இவ்வழியே சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குழலின் உட்புறம் புரிவெட்டப்பட்டது; குண்டு சுழன்று நேராகச் சென்றது. 1897ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கி, பின்னுதைப்பைத் தானே தாங்கிக்கொண்டு இடம் பெயராமல் நின்றது. குறி கூர்மையாயிற்று, ஆனால் குறிபார்க்கும் கண் விலகிப் போயிற்று. 1904-05 உருசிய-சப்பானியப் போரில் குன்றுக்குப் பின்னால் நின்று, காணாத இலக்கை நோக்கிச் சுடுவது வழக்கமாயிற்று. 1918 மார்ச் 29, புனித வெள்ளியன்று, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து செருமானியர் சுட்ட குண்டு பாரிசின் புனித செர்வே ஆலயத்தின் மீது விழுந்து, வழிபாட்டிலிருந்தோருள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுட்டவர்கள் வரைபடத்தையே பார்த்தார்கள், ஆலயத்தைப் பார்க்கவில்லை.

தெய்வத்தின் உடைமை

உரியவரில்லாத செயல் நெடுநாள் அப்படியே கிடப்பதில்லை. யாரேனும் ஒருவர் மீது அது ஏற்றப்பட வேண்டும். தமிழகத்திலும் திருவிதாங்கூரிலும் அது தெய்வத்தின் மீது ஏறியது.

தஞ்சைக் கோட்டையின் கீழைவாயிற் பகுதியில் பீரங்கி மேட்டின் மீது கிடக்கும் பெரும்பீரங்கி, இரகுநாத நாயக்கர் (1600-1634) காலத்தது. வார்ப்பால் ஆனதன்று, நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாகச் சேர்த்து, அவற்றின் மேல் வளையங்களைக் காய்ச்சி அடித்து இறுக்கிச் செய்தது. நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். எடை 22 டன் அளவினது. நம் கொல்லர்களின் கைத்திறனுக்கு இதனினும் பெரிய சான்று தேட வேண்டியதில்லை. இதற்கு வழங்கும் பெயர் இராசகோபாலன். ஆநிரை காத்த கண்ணனின் பெயர்! கம்பரின் அம்பில் எய்தவன் பெயர் இருந்தது. இங்கே இருப்பது சுட்டவன் பெயருமன்று, ஆண்டவன் பெயருமன்று, அடித்துச் செய்த கொல்லன் பெயருமன்று. இதனைப் பக்தி என்று மட்டும் கொள்ளுதல் போதாது. இது பொறுப்பை ஒப்படைத்தலும் ஆகும். ஐரோப்பியரும் வேறு வகையில் இதையே செய்தனர். டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தின் பீரங்கிகளில் அக்குழுமத்தின் எழுத்து முத்திரை இருக்கும். தெய்வத்தைப் போலவே குழுமத்துக்கும் வேலேற்க ஒரு மார்பு கிடையாது.

திருவிதாங்கூரில் இவ்வொப்படைப்பு ஆவணமாகவே நிகழ்ந்தது. 1750 சனவரியில் மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருப்படிதானமாகப் பத்மநாப சுவாமிக்கு அளித்து, பத்மநாபதாசராக அந்நாட்டை ஆண்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் குளச்சலிற் சரணடைந்த எவுஸ்தாக்கியுஸ் டி லனாய், அதற்குள் அவருடைய படையை ஐரோப்பிய முறையிற் பழக்கியிருந்தார். புலியூர்க்குறிச்சியின் உதயகிரிக் கோட்டை புதுப்பிக்கப்பட்டது. அங்கே உலைக்களம் அமைத்துப் பீரங்கிகளும் குண்டுகளும் வார்க்கப்பட்டன. தானம் முழுமையானது என்று கொண்டால், 1750க்குப் பின் அவ்வுலையில் வார்த்த ஒவ்வொரு குண்டும் அறிதுயில் கொண்ட பெருமாளின் உடைமை. அரசர் அடியவர், அடியவர் செய்வது பணி. பணிக்குப் புகழும் பழியும் உடையவனைச் சேரும். மார்த்தாண்டவர்மரின் பக்தியை ஐயுறுவதற்கு இக்கட்டுரை முனையவில்லை. அப்பக்தி உண்மையானதாகவே இருக்கலாம். உண்மையான பக்தியும் இப்பயனைத் தரும் என்பதே இங்குச் சுட்டப்படுகிறது.

அம்பலப்புழையைப் பற்றி நாட்டு வரலாறுகளில் வழங்கும் செய்தி ஒன்று இதற்கு எதிர்ச்சான்றாகிறது. செம்பகசேரி அரசர் அந்தணர். தேவநாராயணன் என்னும் பட்டப்பெயர் உடையவர். அவர் படையின் அம்புகள் கோயிலில் வைத்துப் பூசிக்கப்பட்டவை என்று அறிந்த திருவிதாங்கூரின் நாயர் வீரர்கள் எதிர்நிற்கத் தயங்கினர் என்றும், டி லனாயும் வேற்றுச் சமய வீரர்களும் முன்சென்ற பின்னரே போர் நகர்ந்தது என்றும் அச்செய்தி கூறும். இதனைப் பேதைமை என்று எழுதிச் சென்றோர் உண்டு. எதிரே நிற்பவர் யார் என்று கேட்டு நின்ற அந்தச் சிறுபொழுது, புறநானூற்று உலகத்தின் எச்சமாக எனக்குத் தோன்றுகிறது. தயங்கியவர் ஒருபுறம் இருக்க, தயக்கத்துக்குக் காரணம் இல்லாதவர்களைக் கொண்டு வேலை முடிக்கப்பட்டது. பீரங்கியின் நற்பண்பாக அரசுகள் மதித்ததும் இதையே: அது கேட்பதில்லை. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயக் குழுமப்படை ஆரல்வாய்மொழி அரணைத் தகர்த்து வந்தபோது, உதயகிரி எதிர்ப்பின்றி வீழ்ந்தது. கோட்டையோடு படைக்கலங்களும் கைமாறின. ஆனால் எழுச்சிக்குப் பொறுப்பாளி யார் என்று காட்ட வேண்டிவந்தபோது பீரங்கி போதவில்லை. மண்ணடியில் தம் உயிரை மாய்த்துக்கொண்ட தளவாயின் உடலைக் கொணர்ந்து திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டனர். பழி சுமத்த மீண்டும் ஓர் உடல் தேவைப்பட்டது.

பிற்காலத்தில் இவ்வரசின் பீரங்கிகள் மரியாதை வெடிக்கே பெரிதும் பயன்பட்டன. திருவிதாங்கூர் மன்னருக்கு 19 வெடிகள், தம் எல்லைக்குள் 21 என்று ஆங்கிலேயர் வரையறுத்தனர். கொல்லாத பீரங்கியும் யாருக்கு யார் கீழ் என்பதைச் சொல்லத் தவறவில்லை.

முகம் தேடல்

மக்கள் வழக்கு இப்பெயரின்மையை ஏற்பதில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து, 130 அளவில் குண்டுகளைப் பொழிந்து, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலங்களை எரித்துச் சென்றது. உயிர்ச்சேதம் சிறிது, அச்சம் பெரிது. அவ்வச்சத்திலிருந்து ஒரு சொல் பிறந்தது. தமிழில் எம்டன் என்றால் எதற்கும் துணிந்த சூழ்ச்சிக்காரன்; மலையாளத்தில் எமண்டன் என்றால் மிகப்பெரியது. சுட்ட கப்பலை மக்கள் ஓர் ஆளாக்கிக்கொண்டனர்.

அத்துடன் நிற்கவில்லை. 1891இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்றும், அவரே குண்டுவீச்சை வழிநடத்தினார் என்றும் ஒரு வழக்கு பரவி, பாடநூல் தரத்துக்கே உயர்ந்துவிட்டது. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்துக்கொண்டிருந்தார். எம்டனில் இருந்ததற்குச் சான்றில்லை. பொய் என்று ஒதுக்கிவிடுதல் ஆய்வாளருக்கு எளிது. ஆனால் அப்பொய் ஏன் வேண்டப்பட்டது என்று கேட்டல் வேண்டும். இருளிலிருந்து வந்த குண்டுக்கு ஒரு முகம் வேண்டும். அம்முகம் நம்முடையதாக இருந்தால் அழிவு ஒரு செயலாக, பாராட்டவோ பழிக்கவோ தக்கதாக மாறும். வாலி அம்பைப் பறித்துப் பெயர் பார்த்த அதே தேவைதான் இது. பெயர் இல்லாதபோது மக்களே எழுதிக்கொள்கிறார்கள்.

உதயகிரிக் கல்

எஞ்சியிருப்பது டி லனாயைப் பற்றிய வினா. குழுமத்துக்கும் தெய்வத்துக்கும் இடையே பொறுப்பு மறைந்துபோன வரலாற்றில், உலையின் அருகே நின்றவர் என்று பெயர் சொல்லிச் சுட்டத்தக்கவர் அவரே. கூலிப்படைஞர், அரசர் ஆணையை நிறைவேற்றியவர், அவரிடம் அறக்கணக்குக் கேட்பது மிகை என்று வாதிடலாம். அவருடைய வாழ்வில் நிகழ்ந்த ஒன்று அவ்வாதத்தைத் தடுக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனைப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, டி லனாயிடம் கிறித்தவம் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்ச் சிறைப்பட்டார், 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் திருவிதாங்கூர்ப் படைவீரரின் துப்பாக்கிகளுக்கு இரையானார். 2022 மே 15ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவர் கொல்லப்பட்டதன் காரணம் குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொன்றது எந்தப் படை என்பதில் வேறுபாடு இல்லை. அது டி லனாய் பழக்கிய படை. அன்று சுட்டவர்களுக்கு எதிரே நின்றவரை அவர் அறிவார், பெயரும் அறிவார். பீரங்கி அளித்த மறைவு அங்கே அவருக்கு இல்லை. அதன்பின்னும் 25 ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார். விலகியிருக்கக்கூடுமா, கைதியாகத் தொடங்கிய ஒருவருக்கு விலகல் என்பது என்ன பொருள் தரும் என்பன எளிய வினாக்கள் அல்ல. பெருஞ்சேரலாதன் தான் செய்யாத குற்றத்தின் தோற்றத்துக்கே உயிர் விட்டான் என்பதை அவருக்கு அளவுகோலாக்குவது நேர்மையன்று. ஆனால் அளவுகோலே வேண்டாம் என்பதும் நேர்மையாகாது.

1777 சூன் 1ஆம் நாள் இறந்த அவர், உதயகிரிக் கோட்டைக்குள் சிற்றாலயம் ஒன்றில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. இலத்தீன் வாசகம் வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையாக உழைத்தார் என்றும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள அரசுகளைப் படைவலியாலும் அச்சத்தாலும் அவருக்குப் பணியச் செய்தார் என்றும் அது கூறுகிறது. அச்சத்தால் என்பதை அக்கல் மறைக்கவில்லை. தெய்வத்தின் மீதோ குழுமத்தின் மீதோ ஏற்றாமல், செய்தவர் இவரே என்று ஒரு மனிதரின் பெயரை அது எழுதியிருக்கிறது. இராசகோபாலன் மீது காணாத பெயர் இங்கே காணப்படுகிறது. வயதைக்கூட 62 ஆண்டு 5 மாதம் என்று கணக்காகக் குறித்த அக்கல்லில், காற்றாடிமலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.